காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது?

போன தை மாதம், காப்பிப் பழம் பறித்து முடிந்த கையோடு, வாழவந்தியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். அவளுடைய பையன் நடிகனாகப் போகிறானாம். சென்னையில் ஒரு பயிற்சிக்கூடம்; மூன்று மாதம்; கட்டணம் எண்பதாயிரம். முடித்தால் படத்தில் வாய்ப்பு உறுதி என்று சொல்லியிருக்கிறார்களாம். 'மிளகுக் கொடியை மூணு வருஷத்துக்குக் குத்தகை விட்டா அந்தக் காசு வந்துரும் தம்பி. நீதான் நாடகம் கீடகம்னு சுத்துனவன். கட்டலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லு' என்றாள்.

ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு அருகதை குறைவு. நானும் இதே மலையிலிருந்து இதே ஆசையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனவன்தான். கட்டு என்று சொல்லவோ மனசு வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நாடகக் குழு வைத்திருக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இடையில் நம்மையும் தொட வேண்டியிருக்கிறது.

நடிகனைப் பற்றி நம்மிடம் எழுத்து இல்லாமலில்லை. கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாகப் பார்த்து 1981இல் எழுதினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர் பிம்பத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதற்குப் பிறகு பிம்பம், ரசிகன், உடல், அதிகாரம் என்று சிறுபத்திரிகைகளில் எத்தனையோ பக்கங்கள். அனைத்தும் திரையில் தெரிகிற உடலைப் பற்றியவை. அந்த உடல் திரைக்கு வருவதற்கு முந்திய பத்து வருஷம் எங்கே படுத்தது, எதைச் சாப்பிட்டது, அதன் வாடகையை யார் கொடுத்தார்கள் என்கிற கேள்வி நம் விமர்சனத்துக்குள் நுழைந்ததாக எனக்கு நினைவில்லை. மறுபக்கம், நடிகனாவது எப்படி என்று வழி சொல்லும் கையேடுகளில் திறமை, முயற்சி, அதிர்ஷ்டம் என்ற மூன்று சொற்களைத் தாண்டி ஒன்றுமிருக்காது. நடிப்பு ஒரு கூலி உழைப்பு. அந்த உழைப்பில் மிகப் பெரும் பகுதி காத்திருத்தல். இதை இரண்டு தரப்புமே பேசுவதில்லை.

காத்திருத்தல் என்று நான் சொல்வதற்கு ஒரு காட்சி வேண்டும். 1986இல் ஒரு படப்பிடிப்புக் குழு எங்கள் மலைக்கு வந்தது. கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று வாழவந்தியிலிருந்து எங்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். காலை ஆறு மணிக்கு நிறுத்தி வைத்தார்கள். பனி விலகவில்லை. பத்து மணிக்கு விலகியது, நாயகி வரவில்லை. அவர் வந்தபோது மறுபடி பனி. மூன்று மணிக்கு ஒரு சரிவில் எங்களை ஓடச் சொன்னார்கள். இரண்டு தடவை ஓடினோம். அவ்வளவுதான். ஒன்பது மணி நேரத்தில் நாங்கள் 'நடித்தது' மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். ஆளுக்குப் பதினைந்து ரூபாய், ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். ஆள் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் தலைக்கு எவ்வளவு வாங்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கை அல்ல. அன்று அந்த நாயகியும் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம். அவருடைய காத்திருப்புக்குச் சம்பளம் உண்டு. எங்களுக்கும் அன்று ஒரு நாளைக்கு உண்டு. மறுநாளிலிருந்து, அடுத்த படம் வரும்வரை, எங்கள் காத்திருப்பு எங்கள் சொந்தச் செலவு. நட்சத்திரத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அழகிலும் திறமையிலும் தேடுகிறவர்கள் இந்தச் செலவுக் கணக்கிலும் ஒரு தடவை தேடிப் பார்க்கலாம்.

இந்தச் செலவை எந்தக் காலத்தில் யார் ஏற்றார்கள் என்று பார்த்தால் தமிழ் நடிப்பின் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

பாய்ஸ் கம்பெனிகளில் கம்பெனி ஏற்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த தி.க. சண்முகத்துக்கு வயது ஆறு. கூரை, சோறு, துணி, வாத்தியார் எல்லாம் கம்பெனி பொறுப்பு. பாட்டு, வசனம், நடை, அழுகை, சிரிப்பு என்று அதிகாலையிலிருந்து பழக்குவார்கள். அதற்கு விலையாகக் கம்பெனி எடுத்துக்கொண்டது குழந்தைப் பருவம் முழுவதையும். அடி உண்டு, வீட்டுக்குப் போக முடியாது, பெற்றோரோடு ஒப்பந்தம். ஸ்திரீபார்ட் போட்ட பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால், அதாவது குரல் முற்றினால், ஒரே இரவில் அவன் தொழில் போய்விடும். சிவாஜி கணேசன் சிறுவனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தபோது, தான் ஓர் அநாதை என்று சொல்லித்தான் சேர்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இதை அவருடைய நடிப்பு ஆர்வத்துக்குச் சான்றாகத்தான் சொல்லி வருகிறார்கள். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது: சோறு போட்டுப் பழக்கும் இடத்துக்குள் நுழைய, குடும்பம் இல்லாதவன் என்ற வேஷத்தைத்தான் முதலில் போட வேண்டியிருந்தது.

பாய்ஸ் கம்பெனியைக் கொண்டாடுகிற எழுத்து தமிழில் நிறைய. நான் கொண்டாடவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் ஒரு தம்பிடி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியில்தான் நடிகர்களானார்கள். எம்.ஜி.ஆர், என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஆர். ராதா, சிவாஜி என்று அந்தத் தலைமுறை முழுக்கக் கம்பெனிச் சோற்றில் வளர்ந்தது. நடிப்பு பழகக் காசு கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அடுத்தது ஸ்டூடியோ. இது எங்கள் மலையடிவாரக் கதை. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. முதல் படம் 1937இல் 'சதி அகல்யா'. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இவர்கள் எடுத்தது. தமிழின் முதல் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இவர்கள் எடுத்தது. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஆனால் தொழில் என்ற கோணத்தில் இவற்றைவிட முக்கியமானது, அங்கே நடிகரும் எழுத்தாளரும் மாதச் சம்பளக்காரர்களாக இருந்தார்கள் என்பது. மு. கருணாநிதி சேலத்தில் குடியிருந்து 'மந்திரிகுமாரி' (1950) எழுதினார். கண்ணதாசன் ஸ்டூடியோவின் 'சண்டமாருதம்' பத்திரிகையில் வேலை பார்த்தார். ஸ்டூடியோ மணியடித்தால் உள்ளே இருக்க வேண்டும். முதலாளியின் கண்டிப்பைப் பற்றிச் சேலத்தில் இன்றும் கதை சொல்வார்கள். ஆலைத் தொழிலாளிக்கு இருந்த அதே அடிமைத்தனம், அதே பாதுகாப்பு. படம் இல்லாத மாதத்திலும் அரிசி வாங்க முடிந்தது.

இந்த முறை சேலத்துக்கு மட்டும் உரியதல்ல. 'பராசக்தி' (1952) எடுக்கும்போது சிவாஜி கணேசனுக்கு மாதம் 250 ரூபாய் சம்பளம். ஆள் ஒல்லி, வேறு ஆளைப் போடலாம் என்ற பேச்சு ஸ்டூடியோவில் இருந்தது; தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக இவரையே வைத்தார். ஓர் ஒல்லியான உடம்பு தேறிவரும் வரைக்கும் பொறுத்திருக்க ஒருவர் பணம் செலவழித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆருக்கு அந்தக் கொடுப்பினை சுலபத்தில் வரவில்லை. 1936 'சதி லீலாவதி'யில் சின்ன வேஷம். கதாநாயகன் ஆனது 1947 'ராஜகுமாரி'யில். நடுவில் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷத்தைப் பற்றித்தான் நமக்கு ஆய்வு வேண்டும். பிற்காலத்தைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது.

டி.ஆர். சுந்தரம் 1963இல் இறந்தார். அதன் பிறகும் ஜெய்சங்கரை வைத்து வரிசையாகத் துப்பறியும் படங்கள் வந்தன. எண்பதுகளின் தொடக்கத்தோடு எல்லாம் நின்றது. இன்று சாலையோரத்தில் வளைவு மட்டும் நிற்கிறது. பின்னால் வீடுகள். ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே இறங்கிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஸ்டூடியோ முறை ஏன் சரிந்தது என்பது பெரிய விஷயம். இங்கே விரிவாகப் போக முடியாது. நட்சத்திரங்களின் சம்பளம் ஏறியது, தளத்தை வாடகைக்கு விடுவது படம் எடுப்பதைவிட லாபமானது, 1977இல் '16 வயதினிலே' வந்த பிறகு கேமரா கிராமத்துக்கு நகர்ந்தது. கடைசியாகச் சொன்னதை நம்மில் பலர் ஜனநாயகப்படுத்தல் என்று வரவேற்றோம். மண் வாசனை, யதார்த்தம் என்று எழுதினோம். மண் திரைக்கு வந்தது வாஸ்தவம். ஆனால் அந்த மண்ணில் இருந்தவர்கள் அதே லாரியில் ஏற்றப்பட்டு 'லொக்கேஷன்' ஆனார்கள். மரம், பாறை, ஆடு, கூட்டம். இதே காலத்தில்தான் மாதச் சம்பளமும் ஒழிந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவு பேட்டா என்று ஆனபோது, இரண்டு படத்துக்கு நடுவில் உள்ள காலம் முழுக்க நடிகனின் தலையில் விழுந்தது.

அந்தப் பாரத்தோடு வாழ்வது எப்படி என்பதை நான் 1994இலிருந்து இரண்டு வருஷம் வடபழனியில் பார்த்தேன். ஒரு அறையில் ஏழு பேர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஏஜெண்ட் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும். அவர் ஆட்களைக் கண்ணால் பிரிப்பார். கல்யாண வீட்டுக் காட்சி என்றால் 'ரிச்' முகம். கோயில் திருவிழா, கலவரம், சேரி என்றால் எங்களைப் போன்றவர்கள். ஒரு தடவைகூட நான் கல்யாண வீட்டுக்குள் போனதில்லை. யாரும் சாதி கேட்கவில்லை. கேட்காமலே பிரிப்பதற்கு 'லுக்' என்று ஒரு சொல் இருந்தது. சங்க கார்டு இருந்தால் கூலிக்கு உத்தரவாதம் உண்டு, தகராறு வந்தால் கேட்க ஆள் உண்டு. ஆனால் கார்டு எடுக்கக் கட்ட வேண்டிய தொகையைச் சேர்ப்பதற்குள் பலர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இன்னொரு தந்திரமான சிக்கல், கண்டின்யூட்டி. ஒரு காட்சியில் முகம் பதிந்துவிட்டால் அந்தக் காட்சி முடியும்வரை வேலை உண்டு, ஆகவே முன்னால் நிற்கப் பார்ப்போம். ஆனால் கூட்டத்து முகமாகப் பலமுறை பதிந்துவிட்டால் 'இது ஏற்கெனவே பார்த்த மூஞ்சிப்பா' என்று வசன வேஷம் தரமாட்டார்கள். தெரியவும் வேண்டும், தெரியாமலும் இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் இல்லையென்று சொல்லமாட்டேன். விஜய் சேதுபதி 'புதுப்பேட்டை' (2006), 'வெண்ணிலா கபடிக் குழு' (2009) போன்ற படங்களில் ஓரமாய் நின்றவர்தான். 2010இல்தான் 'தென்மேற்குப் பருவக்காற்று' நாயகன். ஆனால் அவருக்கு முன்னாலேயே கணக்கு எழுதத் தெரிந்திருந்தது, துபாயில் வேலை பார்த்திருந்தார். காத்திருப்பதற்கு வேறொரு தொழில் கைவசம் இருந்தது.

ரஜினிகாந்த் கதையும் இதுதான். கண்டக்டர் நடிகனானார் என்று எழுதுவார்கள். சென்னையில் நடிப்புப் பள்ளியில் படித்த காலத்தில் பெங்களூரில் பேருந்து ஓட்டிய ஒரு நண்பர் தன் சம்பளத்திலிருந்து அனுப்பிய பணம்தான் அவரைத் தாங்கியது. 2021இல் தாதா சாகேப் பால்கே விருது வாங்கியபோது மேடையிலேயே அந்த நண்பருக்கு நன்றி சொன்னார். ஆக அந்தக் கதையின் உள்ளே ஒரு அரசாங்கப் போக்குவரத்துத் தொழிலாளியின் நிரந்தரச் சம்பளம் இருக்கிறது. அந்த நிரந்தரச் சம்பளத்தைத் தொழிற்சங்கங்கள் போராடி வாங்கித் தந்தன. நம் சினிமா வரலாற்றில் இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

இப்போது நம் பக்கம் வருகிறேன். கூத்துப்பட்டறை 1977இல் தொடங்கியது. எண்பதுகளின் பின்பகுதியில் ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிதியை வாங்கி நடிகர்களை முழுநேரமாக வைத்துக்கொண்டது. அதையொட்டி அந்தக் காலத்தில் நாம் கிளப்பிய புழுதி இதைப் படிக்கிறவர்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். அந்நிய நிதி, ஏகாதிபத்தியக் கலாச்சாரத் திட்டம், கூத்தைக் காட்சிப்பொருளாக்கல் என்று எழுதினோம். நானும் கூட்டங்களில் பேசினேன். அந்த விமர்சனத்தில் பாதியை இன்றும் நான் வாபஸ் வாங்கமாட்டேன். நிதி கொடுப்பவன் ஒருநாள் நிறுத்துவான், அப்போது கலையும் நிற்கும் என்பதும் உண்மைதான். ஆனால் நாம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. காலையிலிருந்து மாலைவரை உடம்பையும் குரலையும் மட்டும் பழக்கிக்கொண்டு ஒருவர் மாதச் சம்பளம் வாங்கலாம் என்பது ஸ்டூடியோக்கள் போனபிறகு தமிழில் அங்கேதான் நடந்தது. பசுபதி, கலைராணி, பிற்பாடு குரு சோமசுந்தரம் எல்லாம் அந்த இடத்தில் வருஷக்கணக்காய் ஊறியவர்கள். பசுபதியை ஊர் முழுக்கக் கண்டுகொண்டது 2004 'விருமாண்டி'யில். அதற்கு முந்திய நீண்ட காலத்தை ஒருவர் தாங்கியிருக்க வேண்டும். அந்நிய நிதி வேண்டாம் என்றால் உள்ளூர் நிதி எது என்று நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நாம் செய்தது இன்னும் மோசம் என்றுகூடத் தோன்றுகிறது. 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறைக்குப் பிறகு, மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், ஒப்பனை வேண்டாம், பணமும் வேண்டாம் என்கிற அரங்கம் நமக்குக் கிடைத்தது. அது பெரிய விடுதலை. தொண்ணூறுகளில் அறிவொளிக் கலைப்பயணத்தில் நான் ஊர் ஊராய்ப் பறை அடித்துப் போனபோது கிடைத்த சந்தோஷம் வடபழனியில் ஒரு நாளும் கிடைத்ததில்லை. ஆனால் 'பணம் வேண்டாம்' என்பதை நாம் யாரிடம் சொன்னோம்? பார்வையாளரிடம் சொன்னது சரி. நடிகரிடமும் சொன்னோம். குழுவில் இருந்த வங்கி ஊழியரும் ஆசிரியரும் எல்.ஐ.சி.க்காரரும் விடுமுறை போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுடைய மாதச் சம்பளம் அவர்களுடைய நடிப்பைத் தாங்கியது. கூலிவேலை பார்த்துவிட்டு ஒத்திகைக்கு வந்த பையன்கள் ஒவ்வொருவராய் நின்றுபோனபோது 'ஈடுபாடு போதவில்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதினோம். நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் ஒத்திகை அவனுக்கு ஒரு நாள் கூலி என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

இதோடு ஒப்பிட்டால் கூத்துக்காரர்கள் விவரமானவர்கள். எங்கள் மலைத் திருவிழாக்களுக்குக் கீழ்நாட்டிலிருந்து கூத்துச் செட்டு வரும். எனக்குத் தெரிந்த செட்டுகளில் செட்டுக்காரர் முன்பணம் கொடுத்துத்தான் ஆளைப் பிடித்து வைப்பார். திருவிழாக் காலம் முடிந்தால் தறிக்கோ காட்டு வேலைக்கோ போவார்கள். அந்த முன்பணம் கடனாகவும் கழுத்தைப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரனுக்கு ஆடாத நாளிலும் வயிறு உண்டு என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

உலகத்தில் இதை வேறு எங்கேயாவது தீர்த்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். பிரான்ஸில் ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. 1936இல் சினிமாத் தொழில்நுட்பக்காரர்களுக்காகத் தொடங்கி, பிற்பாடு நடிகர், இசைக்காரர் என்று விரிந்தது. பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் கலைத்தொழிலில் வேலை பார்த்ததாகக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து படி கிடைக்கும். ஒத்திகை, தேடல், சும்மா இருப்பது எல்லாம் தொழிலின் பகுதி என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டதாக இதற்கு அர்த்தம். 2003இல் இந்த விதிகளை இறுக்கியபோது கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகப்புகழ் பெற்ற அவிஞோன் நாடகவிழாவே அந்த வருஷம் ரத்தானது. நம் ஊரில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. படிப்புக்கு, திருமணத்துக்கு, இறப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். காத்திருப்பதற்குக் கேட்க முடியாது.

பிரான்ஸ் தூரம் என்றால் ஹெக்கோடு பக்கம்தான். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் பாக்கு விளைகிற ஒரு மலைநாட்டுக் கிராமம். 1949இல் நீநாசம் என்ற நாடகக் குழு அங்கே தொடங்கியது, கே.வி. சுப்பண்ணா அதை வளர்த்தார். 1980இல் நாடகப் பள்ளி, 1985இல் 'திருகாட்ட' என்ற சுற்றுப்பயண நாடகக் குழு. திருகாட்ட என்றால் ஊர்சுற்றல். சம்பளம் வாங்கும் நடிகர்கள் வருஷா வருஷம் கர்நாடகம் முழுக்கச் சுற்றி நாடகம் போடுகிறார்கள். வாழவந்தியைவிட ஹெக்கோடு பெரிய ஊராக இருந்து இதைச் செய்யவில்லை. ஆனால் அவசரப்பட்டு 'இங்கேயும் ஒரு நீநாசம்' என்று கிளம்பிவிடக் கூடாது. சுப்பண்ணா தோட்டக்காரர், காலில் நிலம் இருந்தவர். எங்கள் மலையில் நல்ல தோட்டம் யாரிடம் இருக்கிறது என்று இந்தப் பக்கம் ஒரு தடவை பஸ்ஸில் வந்தவருக்கும் தெரியும். மலைவாழ் ஜனங்கள் அதில் பெரும்பாலும் கூலிக்குப் பழம் பறிக்கிறவர்கள்.

இதில் இன்னொரு விஷயம் உள்ளடங்கியிருக்கிறது. மலை ஜனங்களின், பழங்குடிகளின் கதைகள் இப்போது படமாகின்றன. 'ஜெய் பீம்' (2021) இருளர்கள் மீதான காவல்துறைக் கொடூரத்தைச் சொன்ன முக்கியமான படம். அதில் ராசாக்கண்ணுவாக மணிகண்டனும் செங்கேணியாகக் கேரளத்து லிஜோமோள் ஜோஸும் நடித்தார்கள். இருவரும் உழைத்து நடித்தவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தைச் செய்யத் தயாரான ஒரு இருளர் நடிகை ஏன் நம்மிடம் இல்லை என்று கேட்டால், பதில் மறுபடி அந்தப் பத்து வருஷத்தில்தான் போய் நிற்கிறது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) அந்த மலை மக்களையே நிறைய நடிக்க வைத்தது. அசல் முகம் என்று பாராட்டினோம். அசல் முகம் ஒரு படத்துக்குப் பயன்படும். அதை ஒரு தொழிலாக மாற்றப் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்குக் காலம் வேண்டும். நடிக்கத் தெரியாததற்காகக் கிடைக்கிற பாராட்டு அடுத்த வேஷத்தை வாங்கித் தராது.

அக்காவுக்கு ஒரு மகளும் இருக்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் நடிக்கப் போகிறேன் என்றிருந்தால் மிளகுக் கணக்குவரை பேச்சே வந்திருக்காது. கேரளத்தில் ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, படப்பிடிப்புத் தளத்தில் துணை நடிகைகளுக்குக் கழிப்பறைகூட இல்லாத நிலை அதில் எழுதப்பட்டிருந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்களாம். வேஷத்துக்குப் பதிலாக என்ன கேட்கப்பட்டது என்பதும் எழுதப்பட்டிருந்தது. பெண்ணின் காத்திருப்புக்குக் கேட்கப்படும் விலை வேறு. அதை ஒரு ஆண் பக்கவாட்டில் எழுதிவிட்டுப் போகக் கூடாது. தனியாக ஒரு பெண் எழுத வேண்டும்.

*

ஒரு வாரம் கழித்துப் பையன் சேலத்துக்கு இறங்கி வந்தான். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். மேலே எழுதியதில் பாதியை அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். 'மாமா, நீங்க சொல்றதெல்லாம் அந்தக் காலம். இப்ப எவன் ஏஜெண்ட் வாசல்ல நிக்கறான்? செல்போன்ல நடிச்சு அனுப்பு, காஸ்டிங் டைரக்டர் பாப்பாரு' என்று போனை நீட்டினான். அவன் நடித்த துண்டுப் படங்கள். ஒன்றில் அவனுடைய தாத்தா மாதிரி நடந்து காட்டியிருந்தான், கரடு ஏறும்போது தொடையில் கை வைப்பது உட்பட. நன்றாகவே இருந்தது. அவன் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நாலரை மணிக் கும்மிருட்டில் ஒருவன் கண்முன்னால் மாடு மாதிரி நிற்க வேண்டிய அவமானம் அவனுக்கு இல்லை. ஆனால் தினம் மூன்று மணி நேரம் எடுத்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து அவன் போடுகிற சரக்கை வைத்து யாரோ விளம்பரம் விற்கிறார்கள். அவனுக்கு வருவது விருப்பக்குறி. காத்திருக்கும் நேரத்திலும் ஓசியில் வேலை வாங்க முதலாளித்துவம் வழி கண்டுபிடித்துவிட்டது.

பிறகு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம். தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருஷப் படிப்புக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கிறார்கள்; ஆனால் இடம் குறைவு, போட்டி கடுமை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அதற்கு அவன் முதலில் பட்டப்படிப்பு முடிக்க வேண்டும், இரண்டு பேப்பர் பாக்கி. இந்த எண்பதாயிரத்தைச் சென்னையில் அறைப் பங்குக்கு நாலாயிரம், சாப்பாட்டுக்கு ஐயாயிரம், பஸ்ஸுக்கும் போனுக்கும் ஆயிரத்தைநூறு என்று போட்டால் ஏழரை மாதம் வரும். பயிற்சிக்கூடத்தில் கட்டினால் மூன்று மாதம், அதுவும் சாப்பாடு இல்லாமல். 'வாய்ப்பு உறுதி' என்பதை எழுத்தில் கேட்டிருந்தானா என்றேன். கேட்டானாம். நம்பிக்கை இல்லாதவங்க வர வேண்டாம் என்றார்களாம்.

'எம்.ஜி.ஆருக்கு எத்தனை வருஷம்னு சொன்னீங்க?' என்று கேட்டான்.

'பதினொண்ணு.'

'ஏழரை மாசம்' என்று காகிதத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அன்று இரவு அக்காவிடம் பேசினேன். பணத்தைக் கட்ட வேண்டாம் என்றேன். 'அப்ப போவே வேணாங்கறியா?' என்றாள், கொஞ்சம் கோபமாக. போகட்டும், ஆனால் மிளகு கையைவிட்டுப் போகக் கூடாது, அந்த மிளகுதான் வருஷா வருஷம் அவனுக்குச் சோறு போட வேண்டும் என்றேன். ஹெக்கோடையும் பிரான்ஸையும் அவளிடம் சொல்லவில்லை. சிறிது நேரம் பேச்சில்லை. 'இந்த வருஷம் கொடி பாதி வாடிப்போச்சு தம்பி' என்றாள். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பையன் இப்போது சேலத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான், பாக்கிப் பேப்பருக்குப் படிக்கிறான். நானே இருந்த குழுவின் தோழர்கள் புது நாடகம் ஒன்று தயாரிக்கிறார்கள். அவனை ஒத்திகைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. பங்குனியில் எடப்பாடிப் பக்கம் ஒரு கூத்துச் செட்டில் கோமாளிக்கு ஆள் குறைகிறதாம், அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்பணம் தருகிறார்கள்.